எது பொய், எது கருத்து? யூத வெறுப்பைத் தண்டிக்கும் ஐரோப்பியச் சட்டங்கள்

1991-ல் ஜெர்மனியின் தீவிர வலதுசாரிக் கட்சியான என்.பி.டி. மூனிக் நகரில் ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தது. பேச அழைக்கப்பட்டவர் பிரிட்டனைச் சேர்ந்த டேவிட் இர்விங். நாஜிகள் யூதர்களை விஷவாயுவால் கொன்றார்கள் என்பதே கட்டுக்கதை என்று மேடைமேடையாகச் சொல்லிவந்தவர். நகர நிர்வாகம் கூட்டத்தைத் தடை செய்யவில்லை. யூதப் படுகொலை நடக்கவில்லை என்று யாரும் பேசக் கூடாது, பேசினால் அமைப்பாளர்களே நிறுத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கட்சி அதை எதிர்த்து கார்ல்ஸ்ரூவேயில் உள்ள அரசியல் சாசன நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1994 ஏப்ரல் 13 அன்று வந்த அந்தத் தீர்ப்புதான் இந்த விவாதம் முழுவதற்கும் சாவி.

நீதிபதிகள் சொன்ன காரணம் இது. கருத்து என்பது ஒருவரின் மதிப்பீடு. அதை மெய், பொய் என்று அளக்க முடியாது. எவ்வளவு அபத்தமாக, எவ்வளவு கசப்பாக இருந்தாலும் அதற்குப் பாதுகாப்பு உண்டு. தகவல் அப்படியல்ல, அதைச் சோதித்துப் பார்க்கலாம். கருத்து உருவாக உதவும் அளவுக்குத் தகவலுக்கும் பாதுகாப்பு உண்டு. ஆனால் பொய்யென்று ஐயமற நிரூபணமான ஒன்று எந்தக் கருத்துக்கும் அடித்தளமாக முடியாது. ஆகவே அது கருத்துச் சுதந்திரத்தின் வாசலுக்குள்ளேயே வராது.

இந்தக் கோடு ஒல்லியானது. ஆனால் நிற்கிறது. ஐரோப்பிய நாடுகள் இதையொட்டி நடந்தவரை சட்டம் தாக்குப்பிடித்தது. இதைத் தாண்டி, நாட்டின் மானத்தையோ, நிகழ்கால அரசியல் சர்ச்சையையோ, இன்னும் பேசப்படாத பேச்சையோ பிடிக்கக் கை நீட்டியபோதெல்லாம் சறுக்கியது.

சொல் பற்றி ஒரு விளக்கம். 'அரபு மொழியும் செமித்திய மொழிதானே, அரபியர் எப்படிச் செமித்திய எதிர்ப்பாளர் ஆவார்கள்?' என்று இணையத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். 'ஆன்டிசெமிட்டிசம்' என்ற சொல் மொழிக் குடும்பத்தைக் குறிக்கப் பிறந்ததல்ல. 1879-ல் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானியப் பத்திரிகையாளர் 'ஆன்டிசெமிட்டுகள் கழகம்' தொடங்கியபோது, யூதர்களை வெறுப்பதற்கு அறிவியல் பூச்சு தரவே அந்தச் சொல் பரவியது. தமிழில் 'யூத வெறுப்பு' என்பதே அதற்கு நேரான பொருள்.

வெறுப்புப் பேச்சை அன்றே சட்டம் போட்டு அடக்கியிருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் ஜனநாயகமான வைமார் குடியரசில் சட்டம் இருந்தது, வழக்குகளும் நடந்தன, பலன் பூஜ்யம் என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டுமே பாதி உண்மை. 1893-ல் தொடங்கிய ஜெர்மானிய யூதர்களின் மைய அமைப்பு விடாமல் புகார் கொடுத்தது. நூரெம்பெர்க்கில் 'டெர் ஷ்ட்யூர்மர்' என்ற வெறுப்பிதழை நடத்திய யூலியுஸ் ஷ்ட்ரைஹர் 1929-ல் சிறைத் தண்டனை பெற்றார். பெர்லின் காவல் துறையின் துணைத் தலைவராக இருந்த யூதர் பெர்ன்ஹார்ட் வைஸை 'இசிடோர்' என்று பெயர் வைத்துக் கேலி செய்துவந்த கோயபல்ஸ்மீது வைஸ் வழக்குமேல் வழக்குப் போட்டு வென்றார். 1928 மே மாதத்தில் கோயபல்ஸ் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனதும் பதவிக் காப்பு குறுக்கே வந்தது.

அன்றைய சட்டத்தில் இருந்த ஓட்டையைத்தான் இரு தரப்பும் பேசுவதில்லை. அப்போது கைவசமிருந்த முக்கிய ஆயுதம் குற்றவியல் சட்டத்தின் 166-ஆம் பிரிவு, அதாவது மத சமூகத்தை இழிவுபடுத்துவது. யூத மதத்தைத் திட்டினால் குற்றம்; யூத 'இனத்தை'த் திட்டினேன் என்று சொன்னால் தப்பிக்கலாம். நாஜிகள் பேசியதோ முழுக்க முழுக்க இன மொழி. தனிமனித அவதூறுப் பிரிவும் கைகொடுக்கவில்லை. 'யூதர்கள்' என்ற கூட்டத்துக்கு அவமானம் நேர முடியாது, தனி ஒருவர் அடையாளம் காட்டப்பட வேண்டும் என்று நீதிமன்றங்கள் கூறின. சட்டம் இருந்தது, எதிராளி நின்ற இடம் சட்டத்துக்கு வெளியே இருந்தது.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி அந்த ஓட்டையை அடைத்தது, ஆனால் மிக மெதுவாக. 1959 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கொலோன் நகரில், அதே ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்த யூதர்களின் தொழுகைக்கூடச் சுவரில் ஸ்வஸ்திகாவும் வெறுப்பு வாசகமும் பூசப்பட்டன. அடுத்த சில வாரங்களில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான இடங்களில் அதே வேலை நடந்தது. வர்க்கப் போராட்டத்தைத் தூண்டுவதைத் தடுக்க 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அதே சட்டத்தின் 130-ஆம் பிரிவை 1960-ல் மாற்றி, மக்கள் பிரிவினர்மீது வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கினார்கள். 1979-ல் உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னொரு படி போனது: யூதப் படுகொலையை மறுப்பது, உயிர்தப்பியவர்களையும் அவர்கள் வழிவந்தவர்களையும் ஒவ்வொருவராக அவமதிப்பது, எனவே ஒவ்வொருவரும் வழக்குத் தொடுக்கலாம். வழக்குத் தொடுத்தவரின் தாத்தா அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டவர்.

மறுப்பே தனிக் குற்றமானது 1994-ல்தான். அந்த ஆண்டு என்.பி.டி. தலைவர் கியூன்டர் டெக்கர்ட்மீதான தண்டனையை, வெறும் மறுப்பு மட்டும் பழைய 130-க்குள் அடங்காது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. எதிர்ப்பு வெடித்தது, மூன்றாம் உட்பிரிவு பிறந்தது. அதிகபட்சத் தண்டனை ஐந்தாண்டுச் சிறை. 2005-ல் சேர்ந்த நான்காம் உட்பிரிவு நாஜி ஆட்சியைப் போற்றுவதையும் நியாயப்படுத்துவதையும் மூன்றாண்டு வரை தண்டிக்கிறது.

மூன்றாம் உட்பிரிவின்கீழ் ஒருவரைத் தண்டிக்க அரசு வழக்கறிஞர் நான்கு படி ஏற வேண்டும். பேச்சு பொது இடத்திலோ கூட்டத்திலோ நடந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் சாப்பாட்டு மேசையில் சொன்னது குற்றமில்லை. பேசப்பட்டது நாஜி ஆட்சியில் நடந்த இனப்படுகொலைச் செயலாக இருக்க வேண்டும். பேசியவர் அதை ஆதரித்திருக்க, மறுத்திருக்க, அல்லது சிறிதாக்கிக் காட்டியிருக்க வேண்டும். கடைசியாக, அது பொது அமைதியைக் குலைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். வழக்குகள் விழுவது பெரும்பாலும் இந்த நான்காவது படியில். 2018 ஜூன் 22 அன்று சாசன நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு முடிவுகளை எடுத்தது. நெடுங்கால மறுப்பாளர் உர்சுலா ஹாவர்பெக்கின் மனுவைத் தள்ளியது: மறுப்பு என்றாலே அமைதிக்குக் கேடு என்று கொள்ளலாம். சிறிதாக்கிக் காட்டியதற்காகத் தண்டிக்கப்பட்ட வேறொருவரின் மனுவை ஏற்றது: அங்கே அமைதிக் குலைவைத் தனியாகக் காட்ட வேண்டும், கேட்பவருக்கு அருவருப்பு என்பது போதாது. கொரோனா காலத்தில் நாஜிகள் யூதர்களை அணியவைத்த மஞ்சள் நட்சத்திரத்தைப் போலவே, 'தடுப்பூசி போடாதவன்' என்று எழுதிய ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டு போனவர்களின் வழக்குகளில் ஜெர்மன் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதியதற்கு இந்த நான்காவது படியே காரணம்.

சின்னங்களுக்கு வேறு பிரிவு, 86ஏ. ஸ்வஸ்திகாவைக் குப்பைத் தொட்டியில் போடுவதுபோல் படம் வரைந்த நாஜி எதிர்ப்பு பேட்ஜ்களை விற்ற வியாபாரிக்கு ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் 2006-ல் அபராதம் போட்டது. 2007 மார்ச்சில் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் நாஜிச் சின்னங்களுக்கு ஐரோப்பா முழுதும் தடை என்ற பேச்சு எழுந்தபோது பிரிட்டனின் இந்து மன்றம் எதிர்த்தது. நம் வீட்டு வாசலிலும் புதுக் கணக்கேட்டிலும் இடம்பெறும் மங்கலச் சின்னத்தை அந்தக் கட்சிக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

மறுப்பாளரை நீதிமன்றத்தில் நிறுத்தும்போது எழும் பெரிய ஆபத்து, கூண்டே மேடையாகிவிடுவது. ஜெர்மனி இதற்குக் கண்ட வழி, படுகொலை நடந்தது 'வெளிப்படையான உண்மை' என்று நீதிமன்றமே எடுத்துக்கொள்வது. நடந்ததா இல்லையா என்று சாட்சி கேட்கும் மனுக்கள் அந்தக் காரணத்தாலேயே நிராகரிக்கப்படும். இங்கிலாந்தில் மறுப்புக்குத் தண்டனை இல்லை. இனவெறுப்பைத் தூண்டுவதற்கு 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் இருக்கிறது, அவ்வளவே. ஆகவே அங்கே கதை தலைகீழாக நடந்தது. தன்னை மறுப்பாளர் என்று எழுதிய அமெரிக்க வரலாற்றாசிரியர் டெபோரா லிப்ஸ்டாட்மீதும் பெங்குயின் பதிப்பகத்தின்மீதும் இர்விங்கே அவதூறு வழக்குப் போட்டார். எழுதியது உண்மை என்று காட்டும் பொறுப்பு ஆங்கிலச் சட்டப்படி எதிர்வாதியின் தலையில். உயிர்தப்பியவர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இர்விங்கிடம் குறுக்கு விசாரணைக்கு விடக் கூடாது என்று லிப்ஸ்டாட் தரப்பு முடிவெடுத்தது. பதிலாக ரிச்சர்ட் எவன்ஸ் போன்ற வரலாற்றாசிரியர்கள் இர்விங்கின் அடிக்குறிப்புகளை மூல ஆவணங்களோடு ஒப்பிட்டு, எங்கே தேதி மாறியது, எங்கே வரி விடுபட்டது, எங்கே மொழிபெயர்ப்பு திரிந்தது என்று எடுத்துவைத்தார்கள். 2000 ஏப்ரல் 11 அன்று நீதிபதி சார்ல்ஸ் கிரே, இர்விங் வேண்டுமென்றே சான்றுகளைத் திரித்தவர் என்று தீர்ப்பளித்தார்.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே இர்விங் 1989-ல் ஆஸ்திரியாவில் பேசிய பேச்சுகளுக்காக வியன்னாவில் மூன்றாண்டுச் சிறை பெற்றார். அந்தத் தண்டனையை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் லிப்ஸ்டாட்டும் ஒருவர். லண்டன் தீர்ப்பு மறுப்பாளரின் முறையை அம்பலப்படுத்தியது. வியன்னா தண்டனை அவருக்குத் தியாகி வேடம் போட்டுவிட்டது. இதை வைத்து ஆஸ்திரியச் சட்டமே தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. கொலை செய்த அரசின் வாரிசு நாட்டில், கொலை நடக்கவில்லை என்ற பேச்சு, கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் காதில் மிரட்டலாகவே விழும்.

பிரான்சின் சட்டம் வேறு உடம்பு. அங்கே பேச்சுக் குற்றங்கள் 1881-ஆம் ஆண்டின் பத்திரிகைச் சட்டத்துக்குள் அடங்கும். 1990 ஜூலை 13 அன்று நிறைவேறிய கேசோ சட்டம், போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நூரெம்பெர்க் நீதிமன்றத்தின் சாசனம் வரையறுத்த மானுட விரோதக் குற்றங்களை மறுப்பதற்கு ஓராண்டுச் சிறையும், இன்றைய கணக்கில் 45,000 யூரோ வரை அபராதமும் வைத்தது. நடைமுறை மிகக் கறாரானது. எந்த வார்த்தைகள் குற்றம், எந்தப் பிரிவின்படி குற்றம் என்று தொடக்கத்திலேயே துல்லியமாகக் குறிப்பிட வேண்டும். பிசகினால் வழக்கே செல்லாது. சாதாரணப் பத்திரிகைக் குற்றத்துக்கு மூன்று மாதத்தில் காலாவதி, இனவெறுப்புக் குற்றத்துக்கு ஓராண்டு. ஐந்து ஆண்டுகளாவது இயங்கிய இனவெறி எதிர்ப்புச் சங்கங்கள் தாங்களே வழக்கில் இறங்கலாம். பல வழக்குகள் உயிரோடிருப்பது அந்தச் சங்கங்களின் உழைப்பால்தான்.

பிரான்ஸ் சறுக்கியது பேச்சுக்கு முன்பே தடை போட்ட இடத்தில். நகைச்சுவைக் கலைஞர் தியுதொனே 2008 டிசம்பரில் பாரிஸ் மேடையில் மறுப்பாளர் ஃபோரிசோனை ஏற்றி, வதைமுகாம் உடை அணிந்தவர் கையால் பரிசு கொடுக்க வைத்தார். நடந்த அந்த நிகழ்ச்சிக்காக அவர் தண்டிக்கப்பட்டார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-ல் அவர் மனுவை ஏற்கவே மறுத்தது. அதுவரை சரி. ஆனால் 2014 ஜனவரி 9 அன்று நான்த் நகரில் அவரது நிகழ்ச்சிக்குப் போடப்பட்ட தடையை, உள்ளூர் நிர்வாக நீதிமன்றம் நீக்கிய சில மணி நேரத்தில் பாரிஸில் உள்ள உச்ச நிர்வாக நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. அன்றிரவு அவர் என்ன பேசியிருப்பார் என்று ஊகித்துத் தடுப்பது, பேசியதற்குத் தண்டிப்பதைவிடப் பல மடங்கு கனமான அதிகாரம். வேறு எந்த வழியாலும் ஒழுங்கைக் காக்க முடியாதபோது மட்டுமே கூட்டத்தைத் தடுக்கலாம் என்று 1933-லேயே சொன்ன நீதிமன்றம் அது.

ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றத்திடம் இரண்டு கருவிகள் உண்டு. மனித உரிமை உடன்படிக்கையின் 10-ஆம் உறுப்பு பேச்சுரிமையைத் தருகிறது. புண்படுத்தும், அதிர்ச்சி தரும் பேச்சுக்கும் அது பொருந்தும் என்பது 1976 முதல் நிலைத்த சட்டம். 17-ஆம் உறுப்பு, பிறர் உரிமையை அழிக்க உடன்படிக்கையையே பயன்படுத்துபவருக்குக் கதவைச் சாத்துகிறது. யூதப் படுகொலை மறுப்புக்கு நீதிமன்றம் பெரும்பாலும் 17-ஐ எடுக்கும். 2003-ல் படுகொலையை மறுத்து எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் ரோஜே கரோடியின் வழக்கு அப்படித்தான் முடிந்தது. ஆனால் 2015 அக்டோபரில், ஆர்மீனியப் படுகொலையை இனப்படுகொலை அல்ல என்ற துருக்கிய அரசியல்வாதி பெரின்செக்கை ஸ்விட்சர்லாந்து தண்டித்தது தவறு என்று பெரிய அமர்வு 10 நீதிபதிகள் ஆதரவு, 7 பேர் எதிர்ப்பு என்ற கணக்கில் தீர்த்தது. நாஜிகள் ஆண்ட நாடுகளில் யூதப் படுகொலை மறுப்பு தானாகவே வெறுப்பூட்டல் ஆகிவிடுகிறது. ஆர்மீனிய விவகாரத்துக்கு ஸ்விட்சர்லாந்தில் அந்தச் சூழல் இல்லை என்பது காரணம். ஆர்மீனியர்களுக்கு இது வலித்தது, அந்த வலி நியாயமானது. ஒரு படுகொலைக்கு ஒரு சட்டம், இன்னொன்றுக்கு வேறு சட்டமா என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் திருப்தியான விடை இல்லை.

நினைவுச் சட்டங்கள் எப்படித் திரும்பிப் பாயும் என்பதற்குப் போலந்தைப் பார்க்க வேண்டும். 2018 தொடக்கத்தில் போலந்து, நாஜிக் குற்றங்களைப் 'போலந்து தேசத்தின்' தலையில் கட்டுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை என்று சட்டம் செய்தது. யூதர்களைக் காட்டிக்கொடுத்த கிராமங்களைப் பற்றி எழுதும் ஆய்வாளர்களுக்கே அது கத்தி. இஸ்ரேலும் அமெரிக்காவும் எதிர்த்தபின் அதே ஆண்டு ஜூனில் சிறைத் தண்டனை நீக்கப்பட்டது. ஸ்பெயினின் சாசன நீதிமன்றம் நேர் எதிர் வழியில் நடந்தது: 2007 நவம்பரில், இனப்படுகொலையை நியாயப்படுத்துவது குற்றம், வெறுமனே மறுப்பது குற்றமல்ல என்று பிரித்தது. அடுத்த ஆண்டே ஐரோப்பிய ஒன்றியம், வன்முறையையோ வெறுப்பையோ தூண்டத் தக்க மறுப்பைக் குற்றமாக்கும்படி எல்லா உறுப்பு நாடுகளையும் கேட்டது.

இன்று சண்டை மறுப்பைச் சுற்றி நடக்கவில்லை. இஸ்ரேலைச் சுற்றி நடக்கிறது. மையத்தில் இருப்பது ஐ.எச்.ஆர்.ஏ. எனப்படும் படுகொலை நினைவுக் கூட்டமைப்பு 2016 மே 26 அன்று ஏற்ற, யூத வெறுப்பு என்றால் என்ன என்ற வரையறை. இரண்டு வாக்கியம், 11 எடுத்துக்காட்டுகள். அவற்றில் 7 இஸ்ரேலைத் தொடுபவை. 'முழுச் சூழலையும் கருதி' யூத வெறுப்பாக 'இருக்கக்கூடும்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சட்டக் கட்டுப்பாடு இல்லாதது என்று அதன் முகப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதன் மூல வரைவு 2005-ல் ஐரோப்பியக் கண்காணிப்பு மையத்துக்காக, நாடுதோறும் சம்பவங்களை ஒரே அளவுகோலில் எண்ணுவதற்காக எழுதப்பட்டது. எழுதியவர்களில் முதன்மையான கென்னத் ஸ்டெர்னே பின்னாளில், இதை வைத்துப் பல்கலைக்கழகப் பேச்சை அடக்காதீர்கள் என்று எச்சரித்தார். எண்ணுவதற்குச் செய்த கருவியில் 'கூடும்' என்பது பிழையல்ல. தண்டிக்கும் கருவியில் அதே சொல் ஆபத்து, ஏனென்றால் கூடுமா கூடாதா என்பதை முடிவு செய்வது அரங்கு வாடகைக்கு விடும் அதிகாரியாகிவிடுகிறார்.

மூனிக்கில் அதுதான் நடந்தது. இஸ்ரேலைப் புறக்கணிக்கக் கோரும் பி.டி.எஸ். இயக்கம் பற்றிய எந்த நிகழ்ச்சிக்கும் நகர அரங்குகளைத் தருவதில்லை என்று 2017 டிசம்பரில் மாநகர மன்றம் தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தைப் பற்றியே விவாதிக்க ஒருவர் அரங்கு கேட்டார், மறுத்தார்கள். 2022 ஜனவரி 20 அன்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் நகரம் செய்தது தவறு என்றது: பேச்சுரிமையைச் சுருக்க சட்டம் வேண்டும், மன்றத் தீர்மானம் சட்டமாகாது. ஸ்ட்ராஸ்பர்க்கிலும் 2020 ஜூனில், அல்சாஸ் பகுதியின் அங்காடி ஒன்றில் இஸ்ரேலியப் பொருளை வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்த 11 பேரைப் பிரான்ஸ் தண்டித்தது பேச்சுரிமை மீறல் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அதே கோரிக்கையை மேயர் பதவியிலிருந்து வைத்த ஒருவர் 2009-ல் அங்கே தோற்றிருக்கிறார். குடிமகன் புறக்கணிக்கச் சொல்லலாம். அரசுப் பதவி அதைச் சொல்லும்போது கணக்கு வேறு.

ஜோர்டான் நதியிலிருந்து மத்தியதரைக் கடல்வரை பாலஸ்தீனம் என்ற பொருளில் எழுப்பப்படும் 'நதியிலிருந்து கடல்வரை' என்ற முழக்கம் இன்னும் கடினம். 2023 அக்டோபர் 7 தாக்குதலுக்குப் பின், நவம்பர் 2 அன்று ஜெர்மன் உள்துறை அமைச்சகம் ஹமாஸைத் தடை செய்தபோது இதையும் அதன் அடையாளங்களில் சேர்த்தது. அப்படியானால் அதை முழங்குவது தடை செய்த அமைப்பின் சின்னத்தைக் காட்டும் குற்றம். மான்ஹைம் நீதிமன்றம் 2024 மே மாதத்தில் விசாரணையைத் தொடங்கவே மறுத்தது. ஆகஸ்டில் பெர்லின் நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு 600 யூரோ அபராதம் போட்டது. அதே சொற்களை ஒருவர் சம உரிமைக் கோரிக்கையாகவும் இன்னொருவர் இஸ்ரேலியரை அழிக்கும் அழைப்பாகவும் சொல்ல முடியும். யார், எங்கே, எதன் மறுநாள் சொன்னார் என்று பார்த்தே தீர்க்க முடியும். ஒரு யூதப் பள்ளியின் வாசலில் நின்று அதை முழங்குபவர் இஸ்ரேல் அரசை விமர்சிக்கவில்லை. உள்ளே இருக்கும் குழந்தைகளை மிரட்டுகிறார். இஸ்ரேல் செய்வதற்கு எங்கோ வாழும் யூதர்களைப் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு என்பதில் ஐ.எச்.ஆர்.ஏ.வும், அதற்கு மாற்றாக 2021-ல் அறிஞர்கள் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனமும் ஒன்றுபடுகின்றன. சர்ச்சையில் இரு பக்கமும் ஒத்துக்கொள்ளும் இடம் இதுதான். காவலர்களுக்குப் பயிற்சி தருவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

இவ்வளவு சட்டம் இருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமை முகமை 2023-ல், அக்டோபர் தாக்குதலுக்கு முன்பே, 13 நாடுகளில் ஏறக்குறைய 8,000 யூதர்களிடம் கேட்டபோது 96 சதவீதத்தினர் கடந்த ஓராண்டில் யூத வெறுப்பை எதிர்கொண்டதாகச் சொன்னார்கள். 76 சதவீதத்தினர் தாங்கள் யூதர் என்பதை எப்போதாவது மறைக்கிறார்கள். அதற்கு முந்தைய 2018 ஆய்வில், தொல்லைக்கு ஆளானவர்களில் 79 சதவீதத்தினர் எங்கும் புகார் கொடுத்ததில்லை. புகார் கொடுக்காததற்கு ஜெர்மனியில் ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: வழக்குக் கோப்பைப் பார்க்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு இருப்பதால், புகார்தாரரின் வீட்டு முகவரியும் அந்தப் பக்கம் போய்விடுமோ என்ற பயம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு, ஆபத்துக்குக் காரணம் இருந்தால் வீட்டு முகவரிக்குப் பதில் சம்மன் போய்ச் சேரக்கூடிய வேறு முகவரியைத் தர இடம் கொடுக்கிறது. பாதிக்கப்பட்டோருக்கான ஆலோசனை மையங்கள் தங்கள் முகவரியைத் தருவதுண்டு. புகாரை எழுதும் அந்த முதல் நாளிலேயே இதைக் கேட்டுவிட வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கோப்பில் வீட்டு முகவரியைப் பார்த்தபின் கேட்டால் காலம் கடந்துவிட்டிருக்கும்.